தீயணைப்பு வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள்: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, சத்தி, அவிநாசி பக்கமிருந்து சீருடைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போலீஸ் வேலை பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. தீயணைப்பு என்று சொன்னால் மட்டும் பிள்ளைகளும் பெற்றவர்களும் அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்க, தீயணைப்புல பொம்பளப் புள்ளைங்களை எடுக்கறாங்களா, இல்லீங்களா?

எடுக்கிறார்கள், ஆனால் எல்லாப் பதவிக்கும் இல்லை. தமிழ்நாட்டில் குரூப் 1 தேர்வு எழுதி, 2003இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்புக் கல்லூரியில் முதல் மாணவியாக ஹர்ஷினி கான்ஹேகர் நுழைந்திருந்தார்.

அதிகாரி பதவி திறந்து இருபது வருடம் தாண்டியும், கீழ்நிலையில் உள்ள தீயணைப்பாளர் பதவி அதே வேகத்தில் திறக்கவில்லை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023இல் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே அறிவிப்பு விட்டது. காவலரிலும் சிறைக் காவலரிலும் பெண்களுக்கு இடம் இருந்தது. தீயணைப்பாளர் இடங்கள் 674, அத்தனையும் ஆண்களுக்கு. பக்கத்துக் கேரளாவில் பெண் தீயணைப்பாளர்களுக்கென்றே 100 பணியிடம் உருவாக்கி ஆள் எடுத்துவிட்டார்கள். நம் பக்கமும் அது நடக்க வேண்டும் என்பதே என் கருத்து, அதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் புது அறிவிப்பு வரும்போதெல்லாம் பதவி அட்டவணையில் ஆண், பெண் என்று பிரித்திருக்கும் கட்டத்தை முதலில் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் அதற்கப்புறம் கட்டினால் போதும்.

அப்ப எந்த வழியில போறதுங்க? எந்தப் படிப்புக்கு எந்த வேலை?

டிகிரி முடித்தவர்களுக்குக் குரூப் 1 இருக்கிறது. துணை ஆட்சியர், டி.எஸ்.பி. வரும் அதே தேர்வில்தான் தீயணைப்பு மாவட்ட அலுவலர் பதவியும் வரும், அந்த வருட அறிவிப்பில் இடம் இருந்தால். மாநில அரசின் நேரடி நியமனங்களில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அடுத்தது நிலைய அலுவலர். அதுவும் டிகிரிக்கான பதவி, சப்-இன்ஸ்பெக்டர் தேர்வோடு சேர்த்து அறிவிப்பார்கள். இதிலும் மேலே சொன்ன கட்டத்தைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

பன்னிரண்டாவதோ பாலிடெக்னிக்கோ முடித்தவர்களுக்கு விமான நிலையத் தீயணைப்பு இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் எடுத்து, வெளியூர் போய்ப் படிக்கத் தயார் என்கிற பிள்ளைக்கு நாக்பூர் கல்லூரியின் தீயணைப்புப் பொறியியல் பட்டப்படிப்பு. அதை முடித்தவர்களை எண்ணெய் நிறுவனங்களும் பெரிய ஆலைகளும் எடுக்கின்றன. ஹர்ஷினி வேலைக்குப் போனதும் ஓ.என்.ஜி.சி.க்குத்தான்.

கோயமுத்தூரு ஏர்போர்ட்டுல தீயணைப்பு வேலை இருக்குதுன்னாங்களே, நெசமுங்களா?

நிஜம்தான். பயணிகள் விமானம் இறங்கும் எல்லா விமான நிலையத்திலும் தனியாகத் தீயணைப்பு நிலையம் இருந்தாக வேண்டும். இந்திய விமான நிலைய ஆணையம் இளநிலை உதவியாளர் (தீயணைப்பு) என்ற பெயரில் ஆள் எடுக்கிறது. இதில் பெண்கள் விண்ணப்பிக்கலாம். கொல்கத்தாவைச் சேர்ந்த தானியா சன்யால், தாவரவியலில் முதுகலை படித்தவர், 2018இல் அந்த ஆணையத்தின் முதல் பெண் தீயணைப்பு வீரரானார். தேர்வு தென்மண்டலம் முழுவதற்கும் சேர்த்து நடக்கும்; கோவையிலேயே போஸ்டிங் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

பன்னிரண்டாவது தேர்ச்சி, அல்லது பத்தாவதுக்குப் பிறகு மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஃபயர் இதில் ஒன்றில் மூன்று வருட டிப்ளமோ. எதுவானாலும் 50 சதவீதம் வேண்டும். பெண்களுக்கு உயரம் 157 செ.மீ., எடை 45 கிலோ. ஓட்டம், ஆளைத் தூக்கிக்கொண்டு நடப்பது, கம்பம், ஏணி, கயிறு ஏறுவது என்று உடல்திறன் தேர்வு இருக்கும்.

நம் பிள்ளைகள் கோட்டை விடுவது ஓட்டுநர் உரிமத்தில். கனரக வாகன உரிமம் இருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். கார் உரிமம் மட்டும் என்றால், அதை எடுத்து இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று அறிவிப்பில் கேட்கிறார்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய் உரிமம் எடுத்து எந்தப் பலனும் இல்லை. அதனால் பதினெட்டு முடிந்ததும் முதல் வேலையாகக் கார் ஓட்டப் பழகி உரிமம் எடுங்கள். வீட்டில் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. வண்டி ஓட்டுவது பெண்ணுக்கு ஆகுமா என்று யாராவது கேட்டால் கோவாவைச் சொல்லுங்கள்: அங்கே மோபா விமான நிலையத்தில் திஷா நாயக், விமான விபத்து மீட்புத் தீயணைப்பு ஊர்தியை இயக்கும் முதல் இந்தியப் பெண் என்ற பெயரை 2023இல் எடுத்தார்.

ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் போட்டிருக்காங்க. அதைப் படிச்சா கவர்மெண்ட் வேலைங்களா?

இல்லை. "நூறு சதவீத அரசு வேலை" என்று எழுதியிருந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள். மாடு விற்ற பணத்தைக் கட்டிவிட்டு வந்து என்னிடம் சான்றிதழைக் காட்டியவர்கள் உண்டு. எந்த அரசு அறிவிப்பிலும் செல்லாத காகிதம் அது.

தனியார் ஆலைகளில் பாதுகாப்பு வேலைக்கு இந்தப் படிப்பு சில இடத்தில் உதவும். அதற்குமே, சான்றிதழ் தருவது யார், அதை எந்த அரசு அமைப்பு அங்கீகரித்திருக்கிறது, போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். பெரிய ஆலைகள் பாதுகாப்பு அலுவலர் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதவிக்குப் பொறியியல் படிப்போடு முறையான தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ கேட்பார்கள், மூன்று மாதச் சான்றிதழ் எடுபடாது.

நெருப்பு வந்தா மட்டுந்தானுங்களா வேலை? மத்த நேரம் சும்மாவா?

நம் பக்கம் ஒரு நிலையத்துக்கு வரும் அழைப்புகளைக் கேட்டால் உங்களுக்கே புரியும். வீட்டுக்குள் பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, கீழ்பவானி வாய்க்காலில் குளிக்கப் போய் அடித்துக்கொண்டு போன பையன், சோளத்தட்டுப் போர், கோடையில் கரட்டுக் காடு, பைபாஸில் நசுங்கிய லாரிக்குள் மாட்டிக்கொண்ட டிரைவர். 101க்கு அடித்தால் இத்தனைக்கும் இவர்கள்தான்.

தீ என்று பார்த்தால் நம் ஊர்த் தீ பெரும்பாலும் பஞ்சுத் தீ, நார்த் தீ. திருப்பூர் வேஸ்ட் குடோனிலும், மில்லில் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் ஆலையிலும் மேலே அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். மூட்டை மூட்டையாகப் பிரித்து, கிளறி, நனைத்து முடிக்க ராத்திரி முழுக்க ஆகும். 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு எரிந்தபோதும் நாள்கணக்கில் நின்றுதான் அணைத்தார்கள். ஒரே மூச்சில் காட்டும் பலத்தைவிட, விடிய விடியச் சலிக்காமல் நிற்கிற தாங்குதிறன் இதில் அதிகம் வேண்டும். நாற்று நட்டவர்களுக்கும் ஷிப்ட் மில்லில் நின்றவர்களுக்கும் அது என்னவென்று தெரியும்.

இன்னொன்று. அதிகாரி பதவியில் பாதி வேலை தீ வருவதற்கு முன்னாலேயே நடப்பது: கட்டடத்தைப் பார்ப்பது, வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று சோதிப்பது, ஒத்திகை நடத்துவது. கோவை, திருப்பூர், ஈரோடு மில்களின் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். ராத்திரியில் கதவை வெளியே பூட்டுகிறார்களா என்ற கேள்விக்கு உண்மையான பதிலை அந்தப் பிள்ளைகள் யாரிடம் சொல்வார்கள்? சீருடையில் ஒரு பெண் வந்து கேட்டால் சொல்வார்கள். இந்தத் துறைக்குப் பெண்கள் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இவ நாப்பத்தெட்டுக் கிலோதான் இருக்கா. அந்தத் தண்ணிக் குழாய் ஓஸை எல்லாம் இவளால தூக்க முடியுமுங்களா?

ஒரு அப்பா கேட்டது, நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். 63 மில்லிமீட்டர் குழாய், 15 மீட்டர் நீளம். தண்ணீர் நிறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 47 லிட்டர், அதாவது 47 கிலோ. உங்கள் மகளின் எடைதான். ஆனால் எண்பது கிலோ ஆள் கூட அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. காலிக் குழாயைச் சுருளாகத் தோளில் எடுத்துப்போய் விரித்து, இணைத்து, அப்புறம்தான் தண்ணீர் விடச் சொல்வார்கள். தண்ணீர் வந்த பிறகு முனையைப் பிடிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்று தாங்குவார். பீய்ச்சும் வேகத்தில் குழாய் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலை இடுப்பும் முன்னங்காலும் வாங்க வேண்டும். கையால் மட்டும் தாங்கப் பார்த்தால் யாரானாலும் தடுமாறுவார்கள்.

அதற்காக எடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூச்சுக் கருவி, தலைக்கவசம், பூட்ஸ், உடை எல்லாம் சேர்ந்தால் உடம்பில் இருபது கிலோவுக்குப் பக்கம் ஏறும். அதோடு மாடிப்படி ஏற வேண்டும். நாற்பத்தெட்டுக் கிலோ பெண் சத்தாகச் சாப்பிட்டு, தசை ஏற்றி, ஐம்பத்தைந்துக்கு வருவது நல்லது. முதுகில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு மாடிப்படி ஏறிப் பழகுங்கள். பிடிமானத்துக்குக் கிணற்றுக் கயிறு போதும், ஜிம் வேண்டியதில்லை.

கிணத்துல எறங்கோணுமே... பொட்டப்புள்ள எப்படிங்க?

பாறையை வெட்டி, அறுபது எழுபது அடிக்குக் குறையாமல் இறங்கும் கிணறுகள் நம் பக்கம் ஏராளம். அதனால் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. இறங்குவது ஒருவர் என்றால் மேலே கயிற்றில் நிற்பது ஆறேழு பேர். இறங்குபவர் எடை குறைவாக இருந்தால் மேலே இருப்பவர்களுக்குச் சுலபம். கீழே மயங்கிக் கிடப்பவருக்கு இரண்டு கண்ணி உள்ள முடிச்சுப் போடுவார்கள். ஒன்று அக்குளுக்கு, இன்னொன்று முழங்காலுக்கு. அந்த முடிச்சை இருட்டிலும் ஈரக் கையாலும் போட வர வேண்டும். அங்கே பார்ப்பது கை நிதானத்தை, ஆணா பெண்ணா என்பதை அல்ல.

கிணற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று. உள்ளே டீசல் என்ஜின் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாள்பட மூடிக் கிடந்த கிணற்றில் கரியமில வாயு அடியில் தேங்கும். சாயக் கழிவுத் தொட்டியிலும் செப்டிக் டேங்கிலும் ஹைட்ரஜன் சல்பைடு. ஒருவர் மயங்கி விழுந்ததும் தம்பி இறங்குவான், அவனைத் தூக்க மாமன் இறங்குவார், மூவரும் வர மாட்டார்கள். விளக்கை இறக்கிப் பார்த்தால் தெரியும் என்பதை நம்ப வேண்டாம். மோனாக்சைடு இருக்கும்போதும் விளக்கு எரியும். மூச்சுக் கருவி இல்லாமல் தீயணைப்பு ஆட்களே இறங்க மாட்டார்கள். அந்தக் கருவியில் உள்ள காற்று சிலிண்டர் பேருக்கு முப்பது, நாற்பத்தைந்து நிமிடம் என்பார்கள். பதறி மூச்சு வாங்கினால் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். நிதானமாக மூச்சு விடத் தெரிந்தவருக்கு அதே சிலிண்டர் கூடுதல் நேரம் வரும்.

நான் 156தானுங்க. போச்சுங்களா?

விமான நிலையத்துக்கு 157 கேட்கிறார்கள். போலீஸில் பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. குரூப் 1இல் தீயணைப்புப் பதவிக்கென்று தனி உடல் அளவை அறிவிப்பிலேயே தருவார்கள். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்ததை நம்பாமல், ஆஸ்பத்திரி அளவுகோலில் காலையில் அளந்து பாருங்கள். சாயங்காலத்தைவிடக் காலையில் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்போம். அப்படியும் குறைந்தால், உயரம் பார்க்காத பாதுகாப்பு அலுவலர் வேலை இருக்கிறது.

ஓட்டத்துக்கு எப்ப இருந்து பழகோணுமுங்க? மாச நாள்ல தேர்வு வந்தா என்ன பண்றது?

எழுத்துத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண் காவலர் தேர்வில் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். அதை ஒரு அளவாக வைத்துப் பழகுங்கள், எந்தச் சீருடைத் தேர்வுக்கும் உதவும். ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானம், திருப்பூர் சிக்கண்ணா கல்லூரி மைதானம் என்று காலையில் பெண்கள் கூட்டமாக ஓடும் இடம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து ஓடினால் வீட்டிலும் பயமில்லாமல் அனுப்புவார்கள்.

மாத நாளிலும் மெதுவாக ஓடிப் பழகிவிடுங்கள். தேர்வு நாள் உங்கள் தேதியைப் பார்த்து வராது. ஓடும்போது தலை சுற்றினாலோ சீக்கிரம் மூச்சு வாங்கினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. "எனக்கு ஸ்டாமினா இல்லைங்க" என்று அழுத பிள்ளைகளில் பலருக்குக் குறை அங்கேதான் இருந்தது. மாத்திரையும் கீரையும் ராகியும் உடம்பில் சேர்ந்ததும் ஓட்டம் தானாக வந்தது.

தாலிக்கொடியக் கழட்டோணுங்களா?

தீக்களத்தில் தங்கச் சங்கிலி, மோதிரம், மெட்டி எதுவும் ஆகாது. உலோகம் சூடேறித் தோலைச் சுடும், எதிலாவது மாட்டி இழுக்கும். மஞ்சள் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்யும் பெண்கள் எத்தனையோ வருடமாகச் செய்வதுதான். முடியை வெட்ட வேண்டியதில்லை. தலைக்கவசத்துக்குள் அடங்கும்படி தாழ்வாகக் கொண்டை போட்டால் சரி.

நைட் டூட்டி போற புள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா சாமி?

இது ஒரு அப்பத்தா கேட்டது. சில வீட்டில் வேண்டாம் என்பார்கள், ஆத்தா. நர்ஸ் வேலைக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைக்கு அதே வீடுகள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸைத் தேடிப் போகின்றன. ராத்திரி வேலையை மறைத்துச் சம்பந்தம் பேசாதீர்கள். பெண் பார்க்க வரும் அன்றைக்கே, ராத்திரி வேலை உண்டு, இடமாற்றம் உண்டு, தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். தீபாவளி அன்றைக்குத்தான் இவர்களுக்கு அழைப்பே அதிகம்.

ஸ்டேஷன் பூரா ஆம்பளைங்க. தங்கற எடம், பாத்ரூமு எல்லாம் எப்படிங்க?

பழைய நிலையங்களைக் கட்டியவர்கள் பெண் வேலைக்கு வருவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை. ஒரே ஓய்வறை, ஒரே கழிப்பறை. இதை மூடி மறைக்க விருப்பமில்லை. தனிக் கழிப்பறையும் பூட்டக்கூடிய அறையும் கேட்பது சலுகை கேட்பதாகாது. போஸ்டிங் கிடைத்ததும் எழுத்தில் கேளுங்கள்.

பாலியல் தொல்லை வந்தால், அதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கு ஒரு பெண்தான் தலைமை தாங்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று வேலையில் சேர்ந்த வாரமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாசமா இருந்தா புகைக்குள்ள போக முடியாதல்லங்க. அப்ப வேலையை விட்டுறதா?

விட வேண்டியதில்லை. கர்ப்பிணி புகைக்குள்ளும் வெக்கைக்குள்ளும் போகக் கூடாது என்பது சரி. ஆனால் முன்பே சொன்ன கட்டட ஆய்வுக் கோப்புகள், கட்டுப்பாட்டு அறை, பயிற்சி வகுப்பு என்று நிலையத்துக்குள் வேலை நிறைய இருக்கிறது. மாநில அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். கர்ப்பம் தெரிந்தவுடன் மேலதிகாரிக்கு எழுத்தில் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மூன்று மாதம் மறைப்பதுதான் ஆபத்து.

ஆம்பளைக்கு ஒரு உசரம், பொம்பளைக்கு ஒரு உசரம். நெருப்பு ஆள் பாத்தா எரியுது?

கிண்டலாகக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. உயரமும் ஓட்ட நேரமும் நுழைவுத் தேர்வு அளவுகள். அவை உடல்நலத்தையும் பழக்கத்தையும் பார்ப்பதற்கு. வேலைக்கான அளவு வேறு: ஏணியை நிமிர்த்த வருகிறதா, மூச்சுக் கருவியோடு ஆளை இழுத்து வெளியே வர முடிகிறதா, முடிச்சு நிற்கிறதா. பயிற்சியில் இந்த வேலைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், பெண்களும் அதைத்தான் கேட்க வேண்டும். உயரத்தில் சலுகை தந்தார்கள் என்பதற்காக ஆளை இழுப்பதிலும் சலுகை எதிர்பார்த்தால், அடுத்து வரும் பெண்ணுக்குத்தான் கதவு அடைபடும்.

உசுருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?

ஆகலாம். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் பழைய கட்டடம் எரிந்தபோது பிரியா ரவிச்சந்திரன் உள்ளே போய்த் தீக்காயத்தோடு வந்தார். உடன் பணியில் இருந்த ஒரு வீரர் உயிரிழந்தார். பிரியா குணமாகித் திரும்ப அதே வேலைக்கு வந்தார். பிற்பாடு ஐ.ஏ.எஸ். தகுதியும் பெற்றார். தன் பெண்ணை அனுப்பும் அப்பா அம்மாவிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆபத்து தெரியாமல் அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

ஆபத்தைக் குறைப்பது ஒழுங்கு. தனியாக உள்ளே போகாமல் இருப்பது, சிலிண்டரின் எச்சரிக்கை விசில் அடித்ததும் வெளியே வருவது, வெளியே வா என்று உத்தரவு வந்தால் கேள்வி கேட்காமல் வருவது. இந்த மூன்றையும் கேட்டு நடக்கும் குணம் உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தைரியத்தை நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் தேட வேண்டியதில்லை.

என்ற புள்ளைக்குப் பத்தொன்பது. பி.எஸ்சி. ரெண்டாம் வருசம். இப்ப அவ என்ன பண்றதுங்க?

இந்த மாதமே கார் உரிமத்துக்குச் சேர்த்துவிடுங்கள். டிகிரி முடிக்கும்போது இரண்டு வருடக் கணக்கு ஓரளவு கூடி வந்திருக்கும். காலையில் மைதானம், சாயங்காலம் குரூப் 1 பாடம். அந்தப் பாடம் எஸ்.ஐ., நிலைய அலுவலர் தேர்வுக்கும் பாதிக்கு மேல் உதவும், வீணாகாது. நீச்சல் தெரியாவிட்டால் கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருடா வருடம் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, அணைக்கப் போன வீரர்கள் இறந்ததன் நினைவாக நடத்துகிறார்கள். அந்த வாரத்தில் நிலையங்களில் பொதுமக்களுக்குச் செய்து காட்டுவார்கள். பெருந்துறையோ பல்லடமோ, பக்கத்து நிலையத்துக்கு அப்பாவும் மகளும் சேர்ந்தே போங்கள். காலிக் குழாய்ச் சுருளை ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டுமா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.